நுரையீரல் மாற்று சிகிச்சையில் முழு பைபாஸுக்குப் பதில் எக்மோ ஏன்?

தறிநாடா கேட்டது:
பெர்ஃப்யூஷன் டெக்னாலஜி (அறுவையின்போது ரத்தத்தை வெளியே சுற்றவிடும் இயந்திரங்களை இயக்கும் படிப்பு) இறுதியாண்டு படிக்கிறேன். இதய அறுவையில் இதயம், நுரையீரல் இரண்டின் வேலையையும் செய்யும் பைபாஸ் சர்க்யூட் ஓரளவு தெரியும். இரண்டு நுரையீரலையும் ஒன்றன்பின் ஒன்றாக மாற்றும்போது இப்போது பெரும்பாலும் விஏ எக்மோதான் (வெயினிலிருந்து, அதாவது சிரையிலிருந்து ரத்தத்தை எடுத்து, ஆக்சிஜன் ஏற்றி, ஆர்ட்டரிக்கு, அதாவது தமனிக்குத் திருப்பும் முறை) என்கிறார்கள். இரண்டிலும் பம்பும் ஆக்சிஜனேட்டரும்தானே இருக்கின்றன? பிறகு ஏன் ஒன்றை ஒதுக்குகிறார்கள்? ஃப்ளோ எவ்வளவு வைப்பது, எங்கே சறுக்கும் என்பதையும் தெரிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

ஆற்றுமணல்:
பம்பையும் ஆக்சிஜனேட்டரையும் விடுங்கள், வித்தியாசம் ரிசர்வாயரில் இருக்கிறது. பைபாஸில் ரத்தம் திறந்த தொட்டியில் வந்து காற்றைத் தொடுகிறது, நெஞ்சில் சிந்தியதும் சக்கர் (உறிஞ்சு குழாய்) வழியாக அதிலேயே சேர்கிறது. அதனால் உறையாமல் இருக்க கிலோவுக்கு 300 முதல் 400 யூனிட் ஹெப்பாரின், ஏசிடி (ரத்தம் உறைய எடுக்கும் நேரம்) 480 நொடிக்கு மேல். எக்மோ மூடிய சர்க்யூட். குழாய்களின் உட்பூச்சிலேயே ஹெப்பாரின் இருப்பதால் கிலோவுக்கு 50 முதல் 75 யூனிட்டில் ஏசிடியை 180–220-இல் வைத்து ஓட்டலாம். 60 கிலோ ஆளுக்குக் கணக்குப் போட்டால் ஒன்றில் குறைந்தது 18,000 யூனிட், மற்றதில் 4,500-க்குள். பழைய நிமோனியா, காசநோய், ஃபைப்ரோசிஸ் என்று நெஞ்சுச்சுவரோடு ஒட்டிப்போன நுரையீரலைப் பிரித்தெடுக்கும்போது இந்த வித்தியாசத்தின் அருமை தெரியும். ஒட்டு பிரித்த இடமெல்லாம் கசியும்.

ஆனால் ரிசர்வாயர் இல்லாததுதான் எக்மோவின் பலவீனமும். ரத்தம் குறைந்தால் தாங்கிக்கொள்ள இடமில்லை. உடம்பிலிருந்து ரத்தம் எடுக்கும் வீனஸ் லைன் துள்ளும், ஃப்ளோ விழும். அந்த நேரத்தில் ஆர்பிஎம்மை (பம்பின் சுழல்வேகத்தை) ஏற்றுவதுதான் எல்லோரும் செய்யும் தப்பு. ஏற்றினால் ஏட்ரியத்தின் (இதய மேலறையின்) சுவர், ரத்தம் எடுக்கும் குழாயான கேனுலாவின் வாயில் ஒட்டி இன்னும் மோசமாகும். வீனஸ் அழுத்தம் மைனஸ் 100 மிமீ மெர்க்குரிக்குக் கீழே போனால் சிவப்பணுக்கள் உடையும். முதலில் ஆர்பிஎம்மைக் குறையுங்கள், பிறகு வால்யூம் கேளுங்கள், இதயத்தை யாராவது தூக்கிப் பிடித்திருக்கிறார்களா என்று பாருங்கள். இடப்பக்க ஹைலத்தில் (நுரையீரலின் வேர்ப்பகுதியில்) வேலை நடக்கும்போது பெரும்பாலும் அதுதான் காரணமாக இருக்கும்.

காற்றுக்கும் இதே கதை. இழுவை அழுத்தம் இருப்பதால், மயக்க மருந்துப் பக்கம் சென்ட்ரல் லைனின் (பெரிய சிரைக்குள் போட்ட குழாயின்) த்ரீ-வே திருகு ஒன்று திறந்து கிடந்தாலே போதும், காற்று நேராகப் பம்ப் தலைக்குள் வந்துவிடும்.

கோடைமழை:
மேலே சொன்னது சரி, ஆனால் அது பாதிதான். ரத்தக்கசிவு குறைவு என்பதற்காக மட்டும் எக்மோ இல்லை. புது நுரையீரலுக்குள் எவ்வளவு ரத்தம் விடுகிறோம் என்பதைக் கையில் வைத்துக்கொள்ளத்தான் அது.

பம்பே இல்லாமல் செய்வதாக வைத்துக்கொள்ளுங்கள். ஸ்கேனில் ரத்த ஓட்டம் குறைவாக உள்ள பக்கத்தை முதலில் மாற்றுவார்கள், வலது என்போம். அடுத்து இடப்பக்க பல்மனரி ஆர்ட்டரிக்கு (நுரையீரலுக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய்க்கு) கிளாம்ப் போட்டதும் இதயம் தள்ளும் ரத்தம் முழுவதும் எங்கே போகும்? பல மணிநேரம் பனிக்கட்டியில் கிடந்து, இப்போதுதான் ரத்தத்தைப் பார்த்த அந்த வலது நுரையீரலுக்குள். அழுத்தம் ஏறும், தந்துகிகளிலிருந்து நீர் கசியும், டியூபில் இளஞ்சிவப்பு நுரை வரும். முதல் 72 மணிநேரத்தில் எக்ஸ்ரேயில் நுரையீரல் வெளுத்து, பிஎஃப் விகிதமும் (ரத்த ஆக்சிஜன் அழுத்தத்தை, கொடுக்கும் ஆக்சிஜன் பங்கால் வகுத்தது) 200-க்குக் கீழே இறங்கினால் அதைத்தான் மூன்றாம் நிலை பிஜிடி (புது நுரையீரலின் தொடக்கச் செயலிழப்பு) என்கிறோம்.

எதிர்த்திசையிலும் தப்பு நடக்கும். பைபாஸில் போல முழு ஃப்ளோ ஓட்டினால் புது நுரையீரலுக்குள் ரத்தமே போகாது. மாற்று சிகிச்சையில் மூச்சுக்குழாய்க்கு ரத்தம் தரும் பிராங்கியல் ஆர்ட்டரிகளைப் பொதுவாக இணைப்பதில்லை, ஆகவே மூச்சுக்குழாய் தையலுக்கும் பல்மனரி ரத்தம்தான் சோறு. உடம்புச் சூட்டில் ரத்தமில்லாமல் நுரையீரலைப் போட்டு வைக்கக் கூடாது.

அதனால் நடுவழி: 1.6 சதுர மீட்டர் உடல்பரப்புக்கு முழு ஃப்ளோ நிமிடத்துக்கு 3.8 லிட்டர் என்றால், 2 லிட்டர் அளவில் நிறுத்தி மீதியை இதயத்திடம் விடுங்கள். பல்மனரி ஆர்ட்டரி அலை துடிக்க வேண்டும். கேப்னோகிராஃபை (வெளிமூச்சின் கார்பன் டை ஆக்சைடைக் காட்டும் கோட்டை) பாருங்கள், நுரையீரல் வழியாக ரத்தம் போகிறதா என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது. கோடு தட்டையானால் ஃப்ளோ அதிகம் என்று அர்த்தம். கிளாம்பைத் திறப்பதும் ஒரேயடியாக இல்லை, பத்து நிமிடம் எடுத்து மெல்ல மெல்ல. வென்டிலேட்டரில் ஆக்சிஜன் குறைவாகவும், டைடல் வால்யூம் (ஒரு மூச்சின் அளவு) கொடையாளரின் உடலளவுக்குக் கிலோவுக்கு 6 மில்லி அளவிலும் இருக்கட்டும். பெறுபவரின் எடையை வைத்துக் கணக்கிடுவது அடிக்கடி நடக்கும் பிழை.

வியன்னாக் குழு எக்மோவை வழக்கமாகவே போடுவதற்கும் இந்தக் கட்டுப்பாடுதான் காரணம்.

உப்பளம்:
ஒரு குறிப்பு. பைபாஸை ஒரேயடியாக ஒழித்துக்கட்டிவிடாதீர்கள். கூடவே இதயத்துக்குள் ஓட்டை அடைப்பது, வால்வு வேலை போன்றவை இருந்தால் அதுதான் வழி. பெரிய ரத்தக்குழாய் கிழிந்து கொட்டும்போதும் சக்கரும் தொட்டியும் இல்லாமல் சமாளிப்பது கஷ்டம்.

எக்மோவில் டீ-ஏரிங் (காற்றை வெளியேற்றும்) நேரத்தையும் முன்கூட்டியே பேசி வையுங்கள். இடது ஏட்ரியத் தையலின் கடைசி முடிச்சுக்கு முன் கிளாம்பைக் கொஞ்சம் தளர்த்தி, பாதுகாப்புத் திரவத்தையும் காற்றையும் வெளியே விடுவார்கள். சில நூறு மில்லி போய்விடும். போவது செல் சேவருக்கு (சிந்திய ரத்தத்தைக் கழுவித் தரும் கருவிக்கு), சர்க்யூட்டுக்கு அல்ல. செல் சேவர் திருப்பித் தருவது சிவப்பணுக்களை மட்டும், பிளாஸ்மாவும் பிளேட்லெட்டும் போனது போனதுதான்.

தறிநாடா:
நன்றி. தொடை வழியாக ஏன் எல்லோருக்கும் போடுவதில்லை? நெஞ்சு திறக்கும் முன்பே தொடங்கிவிடலாமே?

கோடைமழை:
தொடங்கலாம். மயக்கம் கொடுத்ததுமே வலது வென்ட்ரிக்கிள் (இதயக் கீழறை) சரிந்துவிடும் என்ற பயம் இருக்கும் பல்மனரி ஹைப்பர்டென்ஷன் (நுரையீரல் ரத்தக்குழாய் உயர் அழுத்தம்) நோயாளிக்கு அப்படித்தான் செய்வார்கள், மயக்கத்துக்கு முன்பேகூட. ஆர்ட்டரிக்கு 15–17 பிரெஞ்ச் (குழாயின் தடிமன் அளவு), வெயினுக்கு 21–25. கால் செத்துப்போகாமல் இருக்க கீழ்நோக்கி 6–8 பிரெஞ்சில் தனிக் குழாய் ஒன்று வேண்டும்.

சிக்கல் என்னவென்றால், தொடையிலிருந்து மேலேறும் நல்ல ரத்தமும், இதயம் கீழே தள்ளும் ரத்தமும் அயோர்ட்டாவில் மோதிக்கொள்ளும். நுரையீரல் வேலை செய்யாமல் இதயம் மட்டும் நன்றாகத் துடித்தால் மூளைக்கும் இதயத்துக்கும் கறுத்த ரத்தம் போகும், கால் மட்டும் சிவப்பாக இருக்கும். ஆகவே ஆர்ட்டரி லைன் கட்டாயம் வலது மணிக்கட்டில், பல்ஸ் ஆக்ஸிமீட்டர் வலது விரலில். நெஞ்சு திறந்திருந்தால் ஏறு அயோர்ட்டாவிலும் வலது ஏட்ரியத்திலும் நேரடியாகப் போட்டால் இந்தத் தொல்லை இல்லை.

ஆற்றுமணல்:
ஸ்வீப் (ஆக்சிஜனேட்டருக்குள் விடும் வாயு ஓட்டம்) பற்றி யாரும் சொல்லவில்லை. சிஓபிடி (நாள்பட்ட மூச்சடைப்பு நோய்) ஆளுக்கு ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு 80 மிமீ மெர்க்குரியில் பழகியிருக்கும். ஸ்வீப்பை எடுத்த எடுப்பில் ஃப்ளோவுக்குச் சமமாக வைத்தால் பத்து நிமிடத்தில் அது 40-க்கு இறங்கி, மூளையின் ரத்தக்குழாய்கள் சுருங்கிவிடும். ஒரு லிட்டரில் தொடங்கி, பிளட் கேஸ் பார்த்துப் பார்த்து ஏற்றுங்கள்.

எக்மோவிலிருந்து வெளியே வரும்போது ஃப்ளோவை அரை அரை லிட்டராகக் குறைத்து, 1 லிட்டரில் நிறுத்தி எக்கோவில் வலது வென்ட்ரிக்கிளையும் வெயின் தையல்களையும் பார்க்கச் சொல்லுங்கள். அந்த அளவில் நோயாளி நிலையாக இல்லையென்றால் அவசரப்பட்டுப் பிடுங்காமல், கேனுலாவைத் தொடைக்கு மாற்றி ஐசியுவுக்கு எக்மோவோடே அனுப்பலாம். பல்மனரி ஹைப்பர்டென்ஷன்காரர்களுக்கு இடது வென்ட்ரிக்கிள் பல ஆண்டுகளாகக் குறைந்த ரத்தத்திலேயே பழகியிருப்பதால், அவர்களுக்குச் சில நாட்கள் நீட்டிப்பதைத் திட்டத்திலேயே வைத்திருப்பார்கள்.