ஷன்ட் வைத்த பிள்ளைகளின் கவனக் குறைவுக்கு நீங்கள் என்ன செய்தீர்கள்?

எல்லோருக்கும் வணக்கம். மகனுக்கு 9 வயது, நாலாம் வகுப்பு. ஸ்பைனா பிஃபிடா, அதாவது முதுகெலும்பு முழுதாக மூடாமல் பிறந்தவன். மூளையில் நீர் கோத்ததால் பிறந்த மூன்றாம் வாரமே அதை வடிக்கும் குழாயான ஷன்ட் வைத்தார்கள். சிறுமூளையின் ஒரு பகுதி கழுத்துப் பக்கம் இறங்கியிருக்கும் கியாரி 2-ம் உண்டு. நன்றாகப் பேசுவான், அதுதான் வினை. "இவ்வளவு வாய் பேசுகிறவனுக்கு நாலு கணக்குப் போட வலிக்கிறதா?" என்று பள்ளியில் கேட்கிறார்கள்.

துறுதுறுவென்று ஓடியாடும் ரகம் இல்லை. உட்கார்ந்த இடத்திலேயே எங்கோ போய்விடுவான். ஒரு வேலையைத் தொடங்கவே கால் மணி நேரம் ஆகும். அப்புறம் அதிலிருந்து அடுத்ததற்கு அவனைத் திருப்புவது பெரும்பாடு. சிறுநீரை வெளியேற்றக் கதீட்டர் குழாய் போடும்போதுகூட, கை கழுவியதும் அடுத்து என்ன என்று என் முகத்தைப் பார்ப்பான். கவனத்தைத் திருப்ப உதவும் நடுமூளையும் சிறுமூளையும் இந்தப் பிள்ளைகளுக்கு வேறு மாதிரி வளர்ந்திருக்கும், இது அடம் இல்லை என்றார் மருத்துவர். கவனம் திடீரென்று மோசமானால் ஷன்ட் அடைப்பாகவும் இருக்கலாமாம். போன மாதம் ஸ்கேன் எடுத்தோம், அதில் பிரச்சினை இல்லை.

கவனக் குறைவுக்குத் தரும் மெத்தில்ஃபெனிடேட் மருந்தைக் கொடுத்துப் பார்த்தவர்கள் இருக்கிறீர்களா? பசியும் தூக்கமும் எப்படி இருந்தன? கதீட்டர் வேலையைப் படமாக வரைந்து சுவரில் ஒட்டியவர்கள், எத்தனை படியாகப் பிரித்தீர்கள்? தேர்வில் கூடுதல் நேரம் கேட்க எந்தச் சான்றிதழைக் காட்டினீர்கள்?

வல்லாரை மட்டும் சொல்லாதீர்கள், ப்ளீஸ். மாமியார் ஏற்கெனவே அரைத்துக் கொடுத்தாயிற்று.