புதுப்பிப்பு: கடைசியில் சின்ன பிளேயரே ஜெயித்தது

பாட்டு கேட்க என்னிடம் இரண்டு மியூசிக் பிளேயர்கள். ஆண்ட்ராய்டில் ஓடும் பெரிய பிளேயரா, பொத்தான் வைத்த சின்னதா, எதை வைத்துக்கொள்வது என்று போன மாதம் கேட்டிருந்தேன். பெரியதில்தான் ஒலி துல்லியம் என்று அடித்தும் சொன்னேன். அதைத் திரும்பப் பெறுகிறேன்.

ஒரு நண்பர் சொன்னபடி இரண்டின் சத்தத்தையும் சமப்படுத்திக் கேட்டேன். சத்தம் ஒரு டெசிபல் கூடினாலே காது அதை நல்ல ஒலி என்று நம்பிவிடுமாம். சமமானதும், அதே ஹெட்போன், சிடி தரத்தில் (16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ்) அதே ஃபிளாக் கோப்பு, அதாவது தரம் குறையாமல் சுருக்கிய பாட்டு: தவிலிலும் வித்தியாசமில்லை, தம்பூராவிலும் இல்லை. (அசடு வழிந்தது.)

அப்புறம் மிஞ்சுவது மென்பொருள்தான். சின்னதில் பாட்டுகளின் தமிழ்ப் பெயர்கள் எழுத்துக்குப் பதில் கட்டம் கட்டமாக வருகின்றன, பெரிய எரிச்சல். ஆனால் காலையில் ஜூரோங் ஈஸ்டில் ஏறி ராஃபிள்ஸ் பிளேஸ் வரை சிங்கப்பூர் எம்ஆர்டி ரயிலில் நசுங்கி நிற்கும்போது, பைக்குள்ளேயே விரலால் தடவிப் பாட்டை மாற்றலாம். பெரியதில் திரையைத் திறந்து, செயலியைத் தேடி, அதற்குள் இறங்குமிடம் வந்துவிடும்.

சரி, பாட்டு விவரங்களை ஆங்கில எழுத்துக்கு மாற்றிவிட்டேன். 800 பாட்டு, இரண்டு ராத்திரி. பெரியது இப்போது பழைய பொருட்களை விற்கும் கேரசல் தளத்தில் விற்பனைக்கு இருக்கிறது.