ஆக்டிவ் இமேஜினேஷனில் சாமி உருவம் வந்தால் என்ன செய்வது?

தெற்குவாசல்:
ஆக்டிவ் இமேஜினேஷன் என்பது சுவிஸ் உளவியலாளர் கார்ல் யுங்கின் முறை, மனதில் எழும் உருவத்தோடு விழிப்போடு உரையாடுவது. அப்படிக் கண்ணை மூடி உட்காரும்போது கனவில் வந்த ஆட்களுக்குப் பதிலாக அம்மன் உருவம் எழுந்தால், உபாசனை மாதிரி அதிலேயே லயித்துவிடலாமா? வந்தது கடவுளா, மனம் காட்டும் படமா?

ஏட்டுச்சுவடி:
லயிக்கக் கூடாது. உபாசனைக்கான தியான சுலோகத்தில் எத்தனை கை, எந்தக் கையில் என்ன ஆயுதம் என்பதெல்லாம் முன்பே தீர்மானமானவை. மனம் விலகினால் இழுத்து வந்து அங்கேயே நிறுத்துவோம். யுங் முறையில் தலைகீழ். உருவம் அதன் போக்கில் மாறலாம், ஆனால் ஈகோ விழித்திருந்து பதில் பேச வேண்டும். (ஈகோ என்றால் திமிர் இல்லை; விழிப்பில் இருக்கும் 'நான்'.)

அரை மணி நேரம் போதும். மனதின் ஓயாத விமர்சனம் அடங்கியதும், கனவின் கடைசிக் காட்சியையோ விடாமல் அழுத்தும் ஒரு மனநிலையையோ பிடித்துக்கொள்ளுங்கள். எழுந்ததைக் கையால் எழுதுங்கள், 'அவள்:', 'நான்:' என்று நாடகம் மாதிரி. "ஏன் வந்தாய்?" என்று கேளுங்கள். "வேலையை விடு" என்றால் தலையாட்டாதீர்கள். "வீட்டு வாடகையை யார் கட்டுவது?" என்று திருப்பிக் கேளுங்கள். யுங்கின் மாணவி மரீ லூயிஸ் ஃபான் ஃபிரான்ஸ் வலியுறுத்தும் அறம் சார்ந்த எதிர்கொள்ளல் இதுதான். பெரும்பாலோர் சறுக்குவதும் இங்கேதான்: சினிமா பார்ப்பதுபோல் வேடிக்கை பார்த்துவிட்டு எழுந்துவிடுவார்கள். அவள் சொல்வது ஒருமுறைகூட உங்களைத் திடுக்கிட வைக்கவில்லையா? அப்படியானால் இரண்டு பக்கமும் நீங்களேதான் பேசுகிறீர்கள்.

உயிரோடிருக்கும் தெரிந்த ஆட்களை இதற்குள் இழுக்காதீர்கள்.

மணிமுத்தாறு:
கடவுளா படமா என்பதற்கு யுங் நேராகப் பதில் தரமாட்டார். உளவியலால் பேச முடிந்தது கடவுள் படிமத்தைப் பற்றி, அதாவது மனதில் இருக்கும் கடவுள் உருவத்தைப் பற்றி மட்டுமே. மனதில் முத்திரை பதிந்திருக்கிறது, பதித்தது யார் என்பது அதன் எல்லைக்கு வெளியே. 1959 பிபிசி பேட்டியில் கடவுள் நம்பிக்கை பற்றிக் கேட்டதற்கு, நம்பத் தேவையில்லை, தெரியும் என்றார். அது பெரிய சர்ச்சையாகி, அடுத்த ஆண்டே கடிதம் எழுதி விளக்க வேண்டிவந்தது. கடவுளைப் பற்றி யுங் பேசும் விதம் யூதத் தத்துவவாதி மார்ட்டின் பூபருக்கு அதற்கு முன்பே பிடிக்கவில்லை. அவர் பக்கமும் நியாயம் உண்டு.

கரிசல்:
பெரிய ஆபத்து ஊதிப்போவது, யுங் சொல்லும் இன்ஃப்ளேஷன். படிமத்தின் சக்தியை 'நான்' தன்னுடையதாக எடுத்துக்கொள்கிறது. தூக்கம் குறையும், தனக்கு மட்டும் செய்தி வந்ததாகத் தோன்றும், ஊருக்கே சொல்லத் துடிக்கும். அன்றே நிறுத்திவிட்டுச் சாப்பாடு, உடலுழைப்பு, தூக்கம் என்று இறங்கிவிடுங்கள். நோட்டை மூடிய பிறகும் குரல் கேட்டால் மனநல மருத்துவரிடம் போங்கள், தள்ளிப்போடாதீர்கள். சைக்கோசிஸ் (நிஜம் எது என்று பிரித்தறிய முடியாத நிலை), பைபோலார் (மிதமிஞ்சிய உற்சாகமும் சோர்வும் மாறி மாறி வருவது) இருந்தவர்கள் தனியாக இதைத் தொடவே கூடாது. 1913 முதல் இதில் மூழ்கிக் கிடந்தபோதுகூட யுங் மருத்துவத் தொழிலையும் குடும்பத்தையும் விடவில்லை. தன்னைத் தரையில் நிறுத்தியவை அவைதான் என்று அவரே சொல்கிறார்.

தெற்குவாசல்:
நன்றி. கூடவே 'நான் யார்' விசாரணையும் செய்யலாமா?

மணிமுத்தாறு:
ஒரே அமர்வில் வேண்டாம். ரமணர் வழி, உருவத்தைப் பார்ப்பவன் யார் என்று திரும்பும். அங்கே 'நான்' கரைய வேண்டும். யுங் வழியில் உருவத்தைத்தான் யார் என்று கேட்கிறோம். 'நான்' கரைந்தால் பேச ஆளில்லை. 1937-38 பயணத்தில் தென்னிந்தியா வரை வந்தும் யுங் திருவண்ணாமலை போகவில்லை. பிறகு இந்தியவியல் அறிஞர் ஹைன்ரிக் சிம்மரின் ரமணர் நூலுக்கு 1944இல் முன்னுரை எழுதினார். ஈகோ இல்லாத பிரக்ஞை என்பதை மட்டும் அவர் கடைசிவரை ஏற்கவில்லை.