குச்சின் வாசிப்பில் இடக்கை: எங்கே பிசகுகிறது, ஏன்

சீனத்துக் குச்சின் என்ற தந்தி வாத்தியத்தில் ஏழு தந்திகளுக்கு அடியிலும் வீணையில் உள்ளது போன்ற மெட்டுகள் கிடையாது, அரக்குப் பூசிய பலகை மட்டும்தான். ஓரமாகப் பதித்த 13 சிப்பிப் புள்ளிகள் (சீனத்தில் 'ஹுய்') இடம் காட்டும். வலக்கை மீட்டி ஓய்ந்த பிறகும் சுரத்தை நடத்திப் போவது இடக்கை. குச்சின் சொல்லிக்கொடுப்பவர்களே, கற்பவர்களிடம் நீங்கள் திரும்பத் திரும்பக் கண்ட பிசகுகளை எழுதுங்கள், திருத்திய விதத்தோடு. வந்த பதில்கள் கீழே.

* * *

அழுத்தத்தில் இருந்து தொடங்குகிறேன். கட்டைவிரலை நுனியால் ஊன்றக்கூடாது. கணு வெளியே வளைந்து, நகமும் சதையும் சேரும் பக்கவாட்டு விளிம்பு தந்தியில் படவேண்டும். வெறும் சதை பட்டால் ஒலி மந்தம், வெறும் நகம் பட்டால் கீச்சு. சுண்டுவிரலுக்கு வேலையே இல்லை. சீனத்தில் அதை 'விலக்கப்பட்ட விரல்' என்பார்கள். வீணைத் தண்டியைப் பிடித்துப் பழகிய கை இங்கே தடுமாறும், அடியில் பிடிமானம் எதுவும் இல்லாததால். தோளிலிருந்து தொங்கும் கையின் எடையே அழுத்தம். விரல் கணு வெளுத்துப்போனால் தேவைக்கு மேல் அமுக்குகிறார் என்று அர்த்தம்.

* * *

இடம் பிசகுவதைப் பற்றி. வழக்கமான சுருதியில் 5-ஆம் தந்தியை 10-ஆம் புள்ளியில் அழுத்தினால் திறந்த 7-ஆம் தந்தியின் சுரம் வரும். 4-ஐ அழுத்தினால் 6, 2-ஐ அழுத்தினால் 4, 1-ஐ அழுத்தினால் 3. இப்படியே போய் 3-ஆம் தந்தியையும் 10-இல் வைத்து 5-ஓடு ஒப்பிடுவார்கள். சேராது. 'காது சரியில்லை' என்று நொந்துகொள்வார்கள், அல்லது முறுக்காணியைத் திருகி நன்றாயிருந்த சுருதியையும் கெடுப்பார்கள். 3-க்கும் 5-க்கும் உள்ள சுர இடைவெளி மற்றவற்றைவிடச் சிறியது. 10.8-க்குப் போகவேண்டும், அதாவது 10-க்கும் 11-க்கும் நடுவே பத்தில் எட்டுப் பங்கு. அதிரும் நீளம் 112 செ.மீ. உள்ள குச்சினில் இது 10-ஆம் புள்ளிக்கு இடப்புறம் சுமார் 4.5 செ.மீ.

இந்தப் பத்தில் ஒரு பங்கு எல்லா இடத்திலும் ஒரே அளவு இல்லை. அதே குச்சினில் 7-க்கும் 8-க்கும் நடுவே ஒரு பங்கு 1.1 செ.மீ., 10-க்கும் 11-க்கும் நடுவே அதில் பாதி. 7.9-ஐ 10.9 போலக் கண்ணால் அளந்து வைத்தால் சுரம் விலகும்.

* * *

மேலே சொன்ன கணக்கு, அழுத்திய விரலைத் தந்தியின்மேல் இப்படியும் அப்படியும் ஆட்டும் அசைவுக்கும் பொருந்தும். சிறிய அசைவு 'யின்', அகன்று உரத்தது 'நாவ்'. 10-ஆம் புள்ளியில் அதிரும் நீளம் முழுத் தந்தியில் முக்கால், 4-இல் கால். எனவே 10-இல் 3 செ.மீ. அசைத்து வரும் சுர மாற்றம் 4-இல் 1 செ.மீ. அசைத்தாலே வந்துவிடும். இதைக் கவனிக்காமல் ஒரே அகலத்தில் ஆட்டுவதால்தான் மேல் சுர இடங்களில் யின் அழுகைக் குரலாகிறது.

அடுத்தது வேகம். மீட்டிய கணத்திலேயே ஆட்டத் தொடங்கினால் மூல சுரம் எதுவென்றே கேட்பவருக்குப் பிடிபடாது. சுரம் ஒரு நொடி நிற்கட்டும். பிறகு அசைவு, ஒலி தேயத் தேய அசைவும் குறுகி, கடைசியில் மூல இடத்துக்கே வந்து அடங்கவேண்டும். மணிக்கட்டு தளர்ந்து கை முழுதும் நகரவேண்டும். விரல் கணுவை மட்டும் ஆட்டினால் அழுத்தம் ஏறி இறங்கி ஒலி அறுந்துபோகும். அசைவை மேல்நோக்கித் தொடங்குவதா கீழ்நோக்கியா என்பதில் மரபுக்கு மரபு வேறுபாடு உண்டு. ஒன்றைப் பிடித்துக்கொண்டு அதிலேயே நிற்பது நல்லது.

* * *

ஜாருவில் (விரலை எடுக்காமல் ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிப் போவதில்) ஒரு குழப்பம். 'சுவோ' என்பது இடப்புறத்திலிருந்து (கீழ் சுரத்திலிருந்து) வந்து சேர்வது, 'ஜூ' வலப்புறத்திலிருந்து இறங்கி வருவது. இரண்டுமே மீட்டும்போதே நகர்பவை. மீட்டி, சுரம் நின்ற பிறகு நகர்வது வேறு. இரண்டையும் ஒன்றாக வாசித்தால் பாட்டு முழுக்க வழுக்குகிற மாதிரி இருக்கும். நீள நகர்வில் பாதி வழியில் எடை குறைந்து ஒலி செத்துவிடுவது மிகப் பொதுவான பிசகு. சேரும் இடத்துக்கு முன் கை தயங்குவதே காரணம். முழங்கையை முதலில் நகர்த்துங்கள், விரல் தானாகப் பின்தொடரும்.

* * *

'சியாச்சி'யைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. மோதிர விரல் 10-இல், கட்டைவிரல் அதே தந்தியில் 9-இல். இரண்டுக்கும் நடுவே சுமார் 9.3 செ.மீ. கட்டைவிரல் நகத்தால் தந்தியைச் சுண்டி எடுத்ததும் மோதிர விரலின் சுரம் கேட்கவேண்டும். கேட்காவிட்டால் பழி கட்டைவிரல்மேல் விழும். குற்றவாளி பெரும்பாலும் மோதிர விரல்தான்: கட்டைவிரல் எழும்போது அதுவும் கூடவே தளர்ந்துவிடும். சுண்டும் திசை மேலே அல்ல, பலகைக்கு இணையாகப் பக்கவாட்டில்.

5-ஆம் புள்ளிக்கு வலப்புறம் மோதிர விரலை நீட்டி வைத்தால் மணிக்கட்டு முறுகும். அங்கே 'மண்டியிட்ட விரல்': விரலை மடக்கி, நகத்துக்கும் முதல் கணுவுக்கும் நடுவிலுள்ள முதுகுப்புறத்தால் அழுத்துவது. அங்கே தோல் மெல்லியது. தொடக்கத்தில் ஒரு நாளைக்கு ஐந்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம்.

* * *

மிங் காலக் குறியீட்டிலிருந்து வாசிப்பவர்களுக்கு: 1425-இல் தொகுத்த 'ஷென்ச்சி மிப்பு' போன்ற குச்சின் பாட்டுத் தொகுப்புகளில் பத்தில் ஒரு பங்குக் கணக்கு இல்லை. 'ஏழு எட்டு' என்றிருந்தால் இரண்டு புள்ளிகளுக்கும் இடைப்பட்ட ஓரிடம் என்றே பொருள். 7.6-ஆ 7.9-ஆ என்பதைப் பாட்டின் சுர அமைப்பைக் கொண்டு நாமே முடிவு செய்யவேண்டும். 7.8 என்று படித்து அப்படியே வாசிப்பவர்கள் இருக்கிறார்கள்!

* * *

கரகரப்புக்கு ஒரு சோதனை. நகர்த்தாமல், ஒவ்வொரு புள்ளியிலும் தனித்தனியே அழுத்தி மீட்டுங்கள். அழுத்தத்தைக் கூட்டினால் போய்விடுகிறதா? விரல் சரியில்லை. எவ்வளவு அழுத்தினாலும் ஒரே இடத்தில் இருக்கிறதா? அரக்குப் பரப்பு மேடாகியிருக்கும். நீங்களே தேய்க்காமல் குச்சின் செய்பவரிடம் கொடுங்கள். இரண்டும் இல்லையென்றால் கட்டைவிரல் நகத்தைப் பாருங்கள். உலோகத் தந்தி அதில் பள்ளம் அறுத்திருக்கும், தந்தி அதற்குள் விழுந்து அதிரும். நுண்ணிய அரத்தால் தேய்த்து மழுப்பி விட்டால் போதும்.