1973 கனடா 25 சதக் காசு (குவாட்டர்): பெரிய தலையா, சின்னத் தலையா?

வணக்கம் உறவுகளே, கனடாக் காசு சேர்ப்பவர்கள் யாராவது இருந்தால் கொஞ்சம் பாருங்கள்.

கனடாவின் தேசியக் காவல்படையான ஆர்.சி.எம்.பி.யின் நூற்றாண்டுக்கு 1973இல் வந்த குதிரைவீரன் 25 சதம் என்னிடம் ஒன்று இருக்கிறது. அரசியின் தலை பெரியதாக உள்ள வகை மிக அரிது. அதில் ஓரத்து மணிகள் (காசின் ஓரத்தைச் சுற்றிவரும் சிறு புள்ளிகள்) 132, விளிம்பை ஒட்டியே இருக்கும். சாதாரண வகையில் 120தான், விளிம்பிலிருந்து சற்றுத் தள்ளியிருக்கும்.

என் காசில் மணிகள் விளிம்புக்கு நெருக்கமாகத்தான் தெரிகின்றன. ஆனால் ஒரு பக்கம் தேய்ந்துவிட்டதால் முழுதாக எண்ண வழியில்லை. காந்தத்தில் ஒட்டுகிறது, எடை 5.07 கிராம். நிக்கல் காசு என்பதற்கு அது போதும், எந்த வகை என்பதற்குப் போதாது.

தலையின் அளவை வெறும் கண்ணால் பார்த்து முடிவுசெய்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை. படம் எடுக்கும் கோணம் மாறினாலே ஏமாற்றிவிடும். மணிகளை எண்ணாமல், எழுத்துகளுக்கு நேரே எந்த மணி வருகிறது என்று பார்த்து உறுதிசெய்ய முடியுமா? இரண்டு வகையும் வைத்திருப்பவர்கள், நேர்மேலே இருந்து எடுத்த தெளிவான படங்களைப் அருகருகே போட்டால் பெரிய உதவி.

தேய்ந்த காசைத் தரச்சான்று தரும் நிறுவனத்துக்கு அனுப்பிய அனுபவம் இருந்தாலும் சொல்லுங்கள். காசைக் கழுவவோ துடைக்கவோ இல்லை, அப்படியே வைத்திருக்கிறேன்.