1996 காவடி நெகட்டிவ், 55 மெகாபிக்சல் ஸ்கேன், ஆனாலும் மங்கல்

மலையடிவாரம் (காத்ர் போர்ன், மொரீஷியஸ்):
வணக்கம். 1996 தைப்பூசக் காவடிக்கு அப்பா நம் மலைக்கோயிலில் எடுத்த இரண்டு ரோல் கலர் நெகட்டிவ் அலமாரியில் கிடைத்தது. 35 மி.மீ., கோடக் கோல்ட் 200. மேசை ஸ்கேனரில் 6400 டிபிஐ (அங்குலத்துக்கு 6400 புள்ளி) வைத்து ஸ்கேன் செய்தேன், கணக்குப்படி ஒரு படம் சுமார் 55 மெகாபிக்சல். ஆனால் பெரிதாக்கினால் எல்லாம் கஞ்சி மாதிரி குழைந்து கிடக்கிறது. போன வருஷம் அதே படிக்கட்டில் என் 24 மெகாபிக்சல் கேமராவில் எடுத்ததில் அலகு குத்திய ஊசிகளை ஒவ்வொன்றாக எண்ணலாம். ஃபிலிம் இவ்வளவுதானா, இல்லை நான்தான் சொதப்புகிறேனா? ஃபிலிம் இவ்வளவுதான் என்றால் அப்பா ஒப்புக்கொள்ள மாட்டேன் என்கிறார்.

கியூர்பிப்_மழை:
அப்பா பக்கம்தான் நியாயம், தம்பி. நீங்கள் கேமராவோடு ஒப்பிட்டது ஃபிலிமை இல்லை, ஸ்கேனரை. பெட்டியில் 6400 என்று போட்டிருந்தாலும் இந்த வகை மேசை ஸ்கேனர்கள் உண்மையில் பிரித்துக் காட்டுவது பெரும்பாலும் 1500 முதல் 2300 வரைதான். 2000 என்றே வைத்தாலும் 36×24 மி.மீ. சட்டத்தில் தேறுவது ஐந்து மெகாபிக்சல் சொச்சம், மிச்சம் ஐம்பதும் பாலில் கலந்த தண்ணீர். கோல்ட் 200 என்றால் பெரிதாக்கும்போது ஃபிலிமின் துகள்கள் மணல் மணலாகத் தெரிய வேண்டும். உங்கள் ஸ்கேனில் மணல் தெரிகிறதா? மழுமழு என்று இருந்தால் ஸ்கேனர் ஃபிலிமின் அடிவரை போகவே இல்லை.

4000 டிபிஐ ஃபிலிம் ஸ்கேனர் என்றால் 21 மெகாபிக்சல் வரும், ஆனால் நல்லவை பெரும்பாலும் பழசு, கெட்டால் தலைவலி. கையில் கேமரா இருக்கிறதே, மிக அருகில் எடுக்க உதவும் ஒரு மேக்ரோ லென்ஸ் இரவல் வாங்கி நெகட்டிவையே படம் எடுங்கள். லென்ஸ் துளை எஃப்8, இரண்டு வினாடி டைமர், ரா ஃபைல் (கேமரா சுருக்காத மூலக் கோப்பு). அடியில் ஒளிக்கு எல்இடி பலகை போதும். ஃபோன் திரையை வைப்பதானால் நெகட்டிவைச் சற்றுத் தூக்கிப் பிடியுங்கள், இல்லாவிட்டால் திரையின் புள்ளிகளும் படத்தில் விழும் (அனுபவம்). ஒன்று, சில ஸ்கேனர்களில் அகச்சிவப்பு ஒளியை வைத்துத் தூசியை அழிக்கும் வசதி உண்டு, கேமராவில் எடுக்கும்போது அது கிடையாது, ஊதுபந்தால் நன்றாக ஊதிவிட்டு எடுங்கள்.

ரோல்_தீர்ந்தது:
மேலே அண்ணன் சொன்னது சரி, ஆனால் அதற்காக ஃபிலிமைத் தலையில் தூக்கிவைத்து ஆட வேண்டாம். கையில் பிடித்து எடுத்த கோல்ட் 200 எவ்வளவு நல்ல ஸ்கேனிலும் நுணுக்கத்தில் இன்றைய 24 மெகாபிக்சலைத் தொடாது. நிறத்துக்கு வாருங்கள். நம் காவடி உடுப்பு அடிக்கிற ரோஸ் நிறம், எடுப்பதோ உச்சி வெயிலில். டிஜிட்டலில் கொஞ்சம் அசந்தால் சிவப்புச் சேனல் (படத்தில் சிவப்பைப் பதியும் பகுதி) மட்டும் நிரம்பி வழிந்துவிடும், அப்புறம் சேலை மடிப்பே தெரியாது, ஒட்டிய காகிதம் மாதிரி ஆகிவிடும். நெகட்டிவ் வெளிச்சம் கூடினாலும் தாங்கும், மடிப்பு உள்ளே இருக்கும். நிறத்தை நேராகவே காட்டும் ஸ்லைடு ஃபிலிமுக்கு இந்தச் சலுகை இல்லை. டிஜிட்டலில் வேண்டுமானால் வெளிச்சத்தை முக்கால் ஸ்டாப் (ஒரு ஸ்டாப் குறைத்தால் வெளிச்சம் பாதி) குறைத்து எடுத்து, நிழலைப் பிறகு தூக்கிக்கொள்ளுங்கள்.

வேலை முடிந்ததும் அந்த ரோல்களை சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் வையுங்கள். இந்த ஊர் ஈரத்துக்குப் பூஞ்சை ஒருமுறை பிடித்தால் எந்த ஸ்கேனராலும் காப்பாற்ற முடியாது.

மலையடிவாரம்:
இரண்டு பேருக்கும் நன்றி. நண்பனின் மேக்ரோவில் பன்னிரண்டு சட்டம் எடுத்தாயிற்று. முதல் படத்தில் பலகை எழுத்தெல்லாம் கண்ணாடியில் பார்ப்பது போல இடவலம் மாறி வந்தது, ஃபிலிமின் மங்கிய பக்கத்தைக் கேமராவுக்குக் காட்டியிருக்கிறேன், கணினியில் திருப்பிவிட்டேன். கலர் நெகட்டிவுக்கே உரிய ஆரஞ்சுச் சாயலை நீக்கத்தான் நேரம் பிடித்தது, ஓரத்து வெற்று ஃபிலிமை வைத்து வெள்ளைச் சமநிலை (ஒயிட் பேலன்ஸ்) எடுத்த பிறகு வழிக்கு வந்தது.

இப்போது மணல் தெரிகிறது அண்ணா. காவடிப் பூக்களுக்குப் பின்னால் பாட்டியின் சேலை மடிப்பும் தெரிகிறது. ஊசிகள் மட்டும் இன்னும் எண்ண முடியவில்லை, அப்பா பின்னால் இருந்த பால்குடத்துக்கு ஃபோகஸ் வைத்திருக்கிறார். அதை மட்டும் அவரிடம் இன்னும் சொல்லவில்லை.