ராம் (RAM) நினைவகம் கூட்டியதிலிருந்து லேப்டாப்பில் நீலத்திரை

திருப்பூரில் எங்கள் நிட்டிங் பட்டறைக் கணக்கெல்லாம் இந்த லேப்டாப்பில்தான். 2019 மாடல், எட்டாம் தலைமுறை ஐ5, விண்டோஸ் 10. போன வாரம் பழைய 4 ஜிபி டிடிஆர்4 வகை, 2400 வேக ராமோடு 8 ஜிபி, 3200 வேக ராம் ஒன்றைச் சேர்த்தேன். அன்றிலிருந்து டேலி கணக்கு மென்பொருளும் பிரவுசரும் சேர்ந்து ஓடினால் பத்தே நிமிடத்தில் ‘மெமரி மேனேஜ்மென்ட்’ என்று விண்டோஸின் நீலப் பிழைத்திரை.

பின்மூடியைக் கழற்றினால் ராம் செருகும் ஸ்லாட்டுக்குள் பஞ்சு! (எங்கள் ஊரில் மூக்குக்குள்ளேயே இருக்கும், சரி.) ஊதி எடுத்து, ராமின் தங்கநிறப் பட்டையை அழிரப்பரால் தேய்த்துப் போட்டும் அதேதான். பயாஸும் (லேப்டாப்பைத் தொடக்கும் அடிப்படை மென்பொருள்) புதுப்பித்தாயிற்று. முதல் ஸ்லாட்டில் எதைத் தனியாகப் போட்டாலும் ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட் மென்பொருளில் நான்கு சுற்றும் பிழையில்லை. இரண்டும் சேர்ந்தால் பிழை. இரண்டாவது ஸ்லாட்டில் மட்டும் போட்டால் திரையே வருவதில்லை.

ராமை மாற்றித் தர கடைக்காரர் சொன்ன கெடு சனிக்கிழமை. கோளாறு ஸ்லாட்டிலா, ஜோடி சேராத ராமிலா என்று வீட்டிலேயே எப்படிக் கண்டுபிடிப்பதுங்க?